மண் போடுவதற்கு முன்

கல்முனையிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கிறது எங்கள் ஊர். இங்கே ஒரு பெண் மௌத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிப்பதற்கு முன்பே முனவ்வறாவுக்குத் தெரிந்துவிடும். யாராவது வேலியோரம் வந்து நின்று கூப்பிடுவார்கள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, கத்தரிக்கோல், கற்பூரம், ஒரு பிடி இலந்தை இலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போவார். இறந்த பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணி உடுத்துவது அவருடைய வேலை. இளம் வயதில் சொந்த உம்மாவின் மையித்துக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தபோது பழகியது. அதன் பிறகு கை ஓயவில்லை.

வார்க்கும் தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பார். வலப்பக்கத்திலிருந்து தொடங்குவார். "கொஞ்சம் திரும்புங்க மாமி", "கையைத் தாங்க புள்ள" என்று மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டே இருப்பார். கடைசி வாளியில் கற்பூரம். பிறகு தலைமுடியைத் துவட்டி மூன்றாகப் பின்னி முதுகுப் பக்கம் விடுவார். ஐந்து துண்டுக் கபன். அத்தோடு அவருடைய அதிகாரம் முடிந்துவிடும். ஆண்கள் வந்து மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்குவார்கள். முனவ்வறா ஈரக் கைகளோடு வாசலில் நிற்பார். தான் துடைத்துச் சீவி உடுத்தி அனுப்பிய பெண்கள் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்பதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர்களை அடக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவது எங்கள் ஊரில் வழமை இல்லை. யார் போட்ட வழமை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத வழமைக்குத்தான் காவல் அதிகம்.

பழைய மையவாடி கடற்கரை வீதியில் இருக்கிறது. ஊரின் முதல் ஆட்கள் அங்கேதான் கிடக்கிறார்கள் என்பார்கள். முருகைக்கல் நட்ட கபுறுகள் உண்டு. அதற்குப் பிந்தியவை எல்லாம் மரக்கட்டை நட்டவை. மீசான் கட்டை என்போம். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. பெயர் எழுதும் பழக்கம் இல்லை. வேலை முடிந்து திரும்பும்போது முனவ்வறா அந்த மதிலுக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்காருவார். உள்ளே வளர்ந்த பூவரச மரங்கள் மதிலைத் தாண்டி வீதிக்குச் சாய்ந்து நிழல் கொடுத்தன. சட்டைக் கை காய்ந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார்.

குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்த வேலையின் விதி. முனவ்வறா கண்டது கொஞ்சமல்ல. சுகமில்லாமல் இறந்தாள் என்று அறிவிக்கப்பட்டவளின் முதுகில் பெல்ட் தழும்பு. வழுக்கி விழுந்தவளின் கழுத்தில் விரல் அடையாளம். எல்லாவற்றின் மேலும் தண்ணீர் வார்த்து, வெள்ளைத் துணி போர்த்தி அனுப்பினார். செத்தவளின் மானத்தைக் காக்கும் விதி என்று சொல்கிறார்கள். அது இந்த ஊரில் அடித்தவனின் மானத்தைத்தான் அதிகம் காத்திருக்கிறது.

முனவ்வறாவுக்கு ஒரே மகள், சிபானா. கணவர் பிள்ளை சிறியவளாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் கரையில் வீடு மகளுக்குத்தான் போகும் என்பதால், தாய் மையித்து வேலையோடு பாய் பின்னியும் இடியப்பம் அவித்தும் மகளுக்காக ஒரு கல்வீடு எழுப்பினார். சுவருக்குச் சாந்து பூச வேண்டியதுதான் மிச்சம். சிபானா பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் பழுது. 2020ஆம் ஆண்டின் கடைசியில் மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் மௌத்து. பிறகு ஒரு பரிசோதனை முடிவு வந்தது. கொரோனா என்றார்கள்.

அந்த நாட்களை மறப்பது குற்றம். கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று அன்றைய அரசு சொன்னது. உலகம் முழுவதும் புதைத்துக்கொண்டிருந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சொன்னது. இங்கே மட்டும் எரித்தார்கள். பிறகு ஒரு நாள், இனிப் புதைக்கலாம் என்று அவர்களே அரச வர்த்தமானியில் அறிவிப்பு வெளியிட்டார்கள். நிலத்தடி நீர் அன்றைக்கும் இன்றைக்கும் அதே நீர்தான். செத்த உடலுக்கு மண்ணும் ஒன்று, நெருப்பும் ஒன்று. அதற்கு எதுவும் தெரியாது. தெரிகிறவர்கள் உயிரோடிருப்பவர்கள். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி, விஞ்ஞானம் சொல்லாத ஒன்றை, அந்த உயிருள்ளவர்களை நோகடிப்பதற்காகவே செய்தார்கள்.

ஊர்ப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டிய முனவ்வறாவுக்குத் தன் மகளைத் தொட விடவில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அப்பால் பொலித்தீன் சுற்றிய ஒரு நீளத்தைக் காட்டினார்கள். முடியைப் பின்னினார்களா என்று அவர் கேட்டார். பதில் சொன்ன அலுவலருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

எரித்த பிறகு ஒரு மண்முட்டியில் சாம்பல் வந்தது. பல குடும்பங்கள் அதை வாங்க மறுத்தன. வாங்கினால் எரித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. முனவ்வறா வாங்கிக்கொண்டார். சாந்து பூசாத அந்தப் புது வீட்டில், சிபானா பாடப் படங்கள் ஒட்டிவைத்திருந்த அறையில், அலுமாரிக்கு மேல் முட்டியை வைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடமாட்டம் இருப்பதாக ஊர் கதைத்தது. சாம்பல் இருக்கும் வீட்டுக்கு அருள் கொண்டுவரும் மலக்கு வராது என்றார்கள். இரவில் தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். சத்தம் உண்மைதான். தூக்கம் வராத முனவ்வறா கிணற்றடியில் வெறும் கல்லின் மேல் தண்ணீர் வார்த்துக்கொண்டிருப்பார். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பேய் என்று ஒன்று கிடையாது. செய்ய விடாமல் தடுக்கப்பட்ட ஒரு காரியம், செய்ய வேண்டிய கைகளை விட்டுப் போகாது. அந்தக் கைகளுக்கு அப்போது வேலையும் குறைந்துவிட்டது. சாம்பல் வைத்திருக்கும் பெண்ணை மையித்து வீட்டுக்குக் கூப்பிடப் பலர் தயங்கினார்கள். கூப்பிட்ட வீடுகளிலும், இளம் பெண்ணின் தலைமுடியைக் கையில் எடுத்ததும் அவர் விரல்கள் நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் "என்ன மாமி?" என்று கேட்ட பிறகுதான் மறுபடி அசையும்.

இந்த வருடம் மாரி தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அறிவித்தார்கள்: பழைய மையவாடியில் இனி அடக்க இடமில்லை, நாலடிக்கு மண் போட்டு உயர்த்தப் போகிறோம், அதற்கு மேல் புதிதாக அடக்கலாம். மீசான் கட்டைகள், மரங்கள் எல்லாம் அகற்றப்படும். நிலமில்லாத ஊர், வேறு வழியும் இல்லை. ஆனால் முனவ்வறா வெகு நாளாக மனதில் வைத்திருந்த ஒன்றுக்கு இனி நாள் இல்லை. மகளை உம்மாவின் காலடியில் வைக்க வேண்டும். அதற்கு உம்மா கிடக்கும் இடம் தெரிய வேண்டும்.

மூத்த சகோதரர் காலிதீன் வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பம்பை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் முனவ்வறா போய் நின்றார்.

"உம்மாட கபுறு எந்தப் பக்கம் காக்கா?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"மண் போடப் போறாங்களாம்."

"ஓம், போடத்தான் வேணும். கமிட்டியில நானும் கையை உசத்திட்டுத்தான் வந்தன்."

"அதை நான் கேக்கல்ல. எந்தப் பக்கம்?"

"அடையாளம் ஒண்டும் இல்ல முனவ்வறா. மீசான் கட்டை எப்பயோ போய்ட்டு."

"கறையான் தின்டதா?"

"ஓம். அப்பிடித்தான்."

"அப்ப பெருநாளைக்குப் பெருநாள் எங்க போய் நிண்டு துஆக் கேக்கிற நீங்க?"

காலிதீன் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி றிபாவின் குரல் வந்தது. "மச்சி, கதைக்கிறதெல்லாம் கதைங்க. அந்த முட்டியை மட்டும் இஞ்சால கொண்டு வந்திராதீங்க."

"பயப்பிடாதீங்க மச்சி. உங்கட குசினியில வைக்க அவ கறியா?"

காலிதீன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

முனவ்வறா நேரே பள்ளித் தலைவர் நஸீம் ஹாஜியாரின் கடைக்குப் போனார். ஆணி, சீமெந்து, குழாய் விற்கும் கடை. ஹாஜியார் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். வந்த காரியத்தை முனவ்வறா சுருக்கமாகச் சொன்னார்.

"சாம்பலுக்குத் தொழுகையும் இல்ல, கபுறும் இல்ல" என்றார் ஹாஜியார். "மார்க்கத்தில இல்லாத ஒண்ட நான் எப்பிடிச் செய்யிற?"

"அவளை எரிச்சது மார்க்கத்தில இருந்ததா?"

"அது அரசாங்கம் செஞ்ச அநியாயம். நாங்க கொடி பிடிச்சம், கத்தினம். வேற என்ன செய்ய?"

"கத்தினது போதும் ஹாஜியார். ஒரு முழம் மண் தாங்க."

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "அது உங்கட புள்ளதான் எண்டு என்ன நிச்சயம்? அண்டைக்கு எத்தின பேர எரிச்சானுகளோ."

அந்தக் கேள்வியை முனவ்வறா பல இரவுகள் தனக்குள் கேட்டுவிட்டார். "வேற ஆருடையதா இருந்தாலும் அதுக்கும் ஒரு உம்மா இருப்பா. அவவுக்காகவும் வெச்சிட்டு வாறன்."

"அதோட, பொம்புளையள் மையவாடிக்குள்ள வாறது நம்மட ஊர்ல இல்ல."

"உள்ள பாதிப் பேர் பொம்புளையள்தான். உயிரோட வாறதுதான் பிழையா?"

வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, ஹாஜியாரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"வீணாக் கதைக்காதீங்க. போய் வீட்டு வேலையைப் பாருங்க."

முனவ்வறா கடைப் படியில் இறங்கிவிட்டுத் திரும்பினார். "உங்கட மருமகளையும் நான்தான் குளிப்பாட்டின. அண்டைக்குக் கண்டதெல்லாம் இந்த நெஞ்சுக்குள்ள அப்பிடியே கிடக்கு. அதுக்கு நான் மீசான் நடல்ல."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. வெளியே சொல்லப்போவதும் இல்லை. ஆனால் ஹாஜியாரின் கை ஆணிக்குள் அப்படியே நின்றது.

மண் ஏற்றிய டிப்பர்கள் திங்கட்கிழமை வந்தன. வாசல் குறுகல் என்று வீதிப்பக்க மதிலில் ஒரு துண்டை இடித்திருந்தார்கள். அது பூவரச மரங்கள் நின்ற துண்டு. விநாயகபுரத்துச் சீனித்தம்பி மண் வாரும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டி வந்திருந்தார். ஹாஜியார், காலிதீன், கமிட்டியில் இன்னும் சிலர் இடிந்த மதிலருகே நின்று, எங்கிருந்து தொடங்குவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முனவ்வறா கடற்கரை வீதியால் வந்தார். ஒரு கையில் துணி கட்டிய முட்டி, மறு கையில் ஒரு சாடித் தண்ணீர். நிற்காமல் நேரே மதில் உடைந்த இடத்தால் உள்ளே நுழைந்தார்.

"நில்லுங்க முனவ்வறா" என்றார் ஹாஜியார்.

அவர் நிற்கவில்லை. அவரைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கையைப் பிடிக்க வேண்டும். அந்நியப் பெண்ணின் கையைப் பிடிப்பது ஹராம். உள்ளே வருவதைத் தடுக்க அத்தனை ஆண்கள் நின்றும் ஒருவராலும் தொட முடியவில்லை. பெண்ணைக் கட்டிவைக்க முடைந்த கயிறு அன்றைக்கு ஆண்களைக் கட்டிவைத்தது. தொடக்கூடிய ஒரே ஆள் சகோதரர் காலிதீன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போன முனவ்வறா சில அடிகளில் திகைத்து நின்றார். இவ்வளவு பேர் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மணலில் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கட்டைகள். சாய்ந்தவை, உக்கியவை, வெறும் குற்றியாக நின்றவை. மூன்று கட்டை தெரிந்த இடமெல்லாம் அவருடைய கை பட்ட ஒரு உடல். யார் எங்கே என்று தெரியவில்லை. உடல்களைத் தெரியும்: நெற்றியில் மச்சம் இருந்தவள், பிள்ளையோடு போனவள், முதுகு முழுக்கத் தழும்போடு வந்தவள், கால் விரல்களில் மருதாணி காயாமல் வந்த புதுப்பெண். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் ஈரத்தோடு எழுந்து நிற்பதுபோல இருந்தது. கடற்காற்று கட்டைகளுக்கு நடுவே புகுந்து போயிற்று. அவர் வாய்விட்டுக் கேட்டார், "உம்மா, எங்க கிடக்கிறீங்க?"

பதிலுக்குப் பெக்கோதான் உறுமியது. சீனித்தம்பி அதை மதிலோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஹாஜியார், இந்த மூண்டு பூவரசையும் புடுங்கவா? ஆரோ நேரா நட்டு வெச்ச மாதிரியெல்லோ நிக்கிது. ஆற்றயும் மரமெண்டா இப்பவே சொல்லுங்க, பிறகு என்னை ஏசப்படாது."

"எவரும் நடல்ல. தன்ட பாட்டில முளைச்சது. புடுங்குங்க" என்றார் ஹாஜியார்.

"புடுங்காத!" காலிதீனின் குரல் பிசகி வந்தது. அவர் மரங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு தங்கையைப் பார்த்தார். "நான்தான் நட்டன். இதுதான் உம்மா."

தொண்ணூறாம் ஆண்டு, யுத்த கால ஊரடங்கு. உம்மா மௌத்தான அன்று மீசானுக்குக் காய்ந்த வைரக்கட்டை எடுக்க எந்த மர ஆலைக்கும் போக முடியவில்லை. இளந்தாரியாக இருந்த காலிதீன் வீட்டு வேலியிலிருந்து பூவரசங் கம்பு மூன்றை வெட்டிச் சீவிக் கொடுத்தார். பச்சைக் கம்பு. அடுத்த மாரிக்குள் மூன்றும் தளிர்த்துவிட்டன. "பச்சைக் கட்டையை நட்டு உம்மாட நெஞ்சில வேர் இறக்கிட்டான்" என்று பெரியவர்கள் ஏசினார்கள். கூட்டாளிகள் சிரித்தார்கள். சில காலம் அவர் போய்ப் போய்த் தளிரைக் கிள்ளினார். கிள்ளக் கிள்ள முளைத்தது. பிறகு விட்டுவிட்டார். உம்மாவுக்குக் கட்டை நடத் தெரியாதவன் என்ற வெட்கத்தைத் தங்கையிடமும் மறைத்தார்.

முனவ்வறா மரங்களைப் பார்த்தார். பிறகு அவற்றின் கிளைகள் மதிலைத் தாண்டி எங்கே போகின்றன என்று பார்த்தார். வீதியோரத்தில் அவர் வழமையாக உட்காரும் கல் அங்கே கிடந்தது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் உம்மாட நிழல்லதான் சட்டை காய வெச்ச."

காலிதீன் அழுதுவிட்டார்.

கமிட்டியில் ஒருவர், மீசான் மரமானது கராமத், அற்புதம், அதைத் தொடக்கூடாது என்றார். இன்னொருவர், அப்படிச் சொன்னால் நாளைக்கு இங்கே விளக்கு வைப்பார்கள், இப்போதே வெட்ட வேண்டும் என்றார். பச்சைப் பூவரசங் கம்பை ஈர மணலில் நட்டால் வேர் விடும். இந்தக் கரையில் வேலி கட்டிய எவருக்கும் அது தெரியும். தெரிந்த அந்தச் சின்ன உண்மையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பெரிய சொற்களால் அடித்துக்கொண்டார்கள். சீனித்தம்பி பெக்கோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "அவங்கள் முடிக்கட்டும், நீங்க உங்கட அலுவலைப் பாருங்க அக்கா" என்று ஒரு மண்வெட்டியை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஹாஜியார் முனவ்வறாவின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு கடற்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காலிதீன் மூன்றாவது மரத்தின் அடியில், உம்மாவின் கால்பக்கம் குழி வெட்டினார். முனவ்வறா வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை விரித்து முட்டியைக் கவிழ்த்தார். சாடியில் இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், கற்பூரம் கரைத்தது. மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தார். சாடியைச் சாய்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். துணியில் கிடந்ததற்கு வலம் இல்லை, இடம் இல்லை. தலை எது, கால் எது என்று இல்லை. பின்னுவதற்கு முடி இல்லை. ஊரையே குளிப்பாட்டிய கைகள் சாடியோடு காற்றில் நின்றன. அங்கே நின்ற எல்லா ஆண்களும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் எண்டாலும் பரவாயில்ல புள்ள" என்று அவர் மெதுவாகச் சொன்னார், மையித்துகளோடு கதைக்கும் அதே குரலில். "நீ திரும்பத் தேவையில்ல. நான் சுத்தி வாறன்."

துணியைச் சுற்றி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தண்ணீர் வார்த்து முடித்தார். நனைந்து கறுத்ததைத் துணியின் நாலு மூலையையும் சேர்த்து மடித்து, குழிக்குள் இறக்கி, மண்ணைத் தன் கையாலேயே தள்ளி மூடினார்.

காலிதீன் சீனித்தம்பியிடம் கத்தி வாங்கிக்கொண்டு உம்மாவின் மரத்தில் ஒரு நேரான கிளையைத் தேர்ந்து தறித்தார். மூன்று கம்பாகத் துண்டுபோட அளந்தார். இந்த முறை பச்சைக் கம்பு என்று தெரிந்தே வெட்டினார். முதல் கம்பைச் சீவத் தொடங்கியபோது முனவ்வறா ஈரச் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தார்.

"அது காணாது காக்கா. நீட்டமா வெட்டுங்க. மண் நாலடி வரும்."